தனியாக வரும் பெண்ணுக்கு ஊரே துணை!

நினைத்தாலே முக்தி தரும் ஊர் என்று திருவண்ணாமலையைச் சொல்வார்கள். ஆனால் நினைத்தால் மட்டும் போதாது, நேரில் வந்து மலையைச் சுற்ற வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். பவுர்ணமி தோறும் அவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

அவர்களில் பாதிப் பேர் பெண்கள் என்றாலும் மிகை ஆகாது. முன்பெல்லாம் பெண்கள் புருஷனோடு வந்தார்கள்; பிள்ளைகளோடு வந்தார்கள்; அக்கம்பக்கத்தாரோடு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். இன்று தனியாகவும் வருகிறார்கள்.

பரீட்சை எழுதிய மாணவி வருகிறாள். சென்னையில் வேலை பார்க்கும் பெண், சனிக்கிழமை புறப்பட்டு வருகிறாள். கணவனை இழந்த அம்மாள், நேர்ந்துகொண்ட வேண்டுதலை நிறைவேற்ற வருகிறாள். கடல் கடந்து வெளிநாட்டுப் பெண்களும் வருகிறார்கள்.

"தனியாகவா போகிறாய்? வேண்டவே வேண்டாம்!" என்று வீட்டில் சொல்கிறார்கள். பெற்ற மனம் அப்படித்தான் பதறும். ஆனால் பதறுவதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. எங்கே ஆபத்து, எப்படித் தப்புவது என்று தெரிந்துகொண்டால்தான் பாதுகாப்பு.

புதிய வழக்கம் அல்ல

பெண் தனியாக வழி நடப்பது தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. அவ்வைப் பாட்டி ஊர் ஊராக நடந்தவர் என்பது குழந்தைக்கும் தெரியும்.

திருவண்ணாமலையிலேயே உதாரணம் உண்டு. மண்டகொளத்தூரைச் சேர்ந்த எச்சம்மாள், கணவனையும் பெற்ற பிள்ளைகளையும் பறிகொடுத்தவர். மனம் உடைந்த அவர், 1907-ம் ஆண்டு வாக்கில் மலைக்கு வந்து ரமண மகரிஷியைத் தரிசித்தார். துயரம் தணிந்தது. அந்த ஊரிலேயே தங்கினார். தினமும் சமைத்து, மலை ஏறிக் கொண்டுபோய் ரமணருக்கு உணவு கொடுத்தார். 1945-ல் இறக்கும் வரை அந்தத் தொண்டை அவர் விடவில்லை.

ரமணரின் தாயார் அழகம்மாள், 1916-ல் வந்து மகனோடு தங்கினார். 1922-ல் அவர் காலமானார். அந்தத் தாயின் சமாதியைச் சுற்றி எழுந்ததுதான் இன்றைய ரமணாசிரமம்!

பெண்கள் வந்ததால் பெருமை பெற்ற ஊர் திருவண்ணாமலை. அந்த ஊருக்கு வர ஒரு பெண் ஏன் பயப்பட வேண்டும்?

பயத்துக்குக் காரணம்

காரணம் இல்லாமல் இல்லை. மூன்று சம்பவங்களைச் சொன்னால் போதும்.

2018-ம் ஆண்டு ஜூலை மாதம், ரஷியாவில் இருந்து வந்த ஒரு பெண், தங்கி இருந்த அறையில் மயங்கிய நிலையில் கிடந்தார். அவர் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக வழக்குப் பதிவாயிற்று. போலீசார் சிலரைப் பிடித்து விசாரித்தார்கள்.

2025-ம் ஆண்டு மார்ச் மாதம், தியானம் செய்ய மலைக்குச் சென்ற பிரெஞ்சுப் பெண் ஒருவர் புகார் கொடுத்தார். வழிகாட்டியாக வந்தவனே தன்னைப் பலாத்காரம் செய்தான் என்பது புகார். அவன் கைது செய்யப்பட்டான்.

அதே ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசியில் நடந்தது எல்லாவற்றையும்விடக் கொடியது. குடும்பத்தோடு சரக்கு வண்டியில் வந்த வெளிமாநில இளம்பெண் அவர். புறவழிச்சாலையில் இரவு ரோந்தில் இருந்த இரண்டு போலீஸ்காரர்கள், விசாரணை என்று சொல்லி அவரைத் தனியே அழைத்துச்சென்று கெடுத்ததாகப் புகார் எழுந்தது. இருவரும் கைது செய்யப்பட்டார்கள். வேலையில் இருந்தும் நீக்கப்பட்டார்கள்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். ஒன்று அறையில் நடந்தது. ஒன்று மலையில் நடந்தது. ஒன்று இருட்டுச் சாலையில் நடந்தது. கோவில் பிரகாரத்தில் எதுவும் நடக்கவில்லை. கிரிவலக் கூட்டத்தில் எதுவும் நடக்கவில்லை.

கூட்டத்தில் நகைக்குப் பயம். கூட்டம் முடிகிற இடத்தில்தான் பெண்ணுக்குப் பயம். தனியாக வருகிற பெண் மனதில் வைக்க வேண்டிய முதல் பாடம் இது.

புறப்படும் முன்

பகலில் வந்து சேரும்படி புறப்படுவது நல்லது. சென்னையில் இருந்து திருவண்ணாமலை சுமார் 190 கிலோமீட்டர். கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் காலையில் ஏறினால், வெயில் சாயும் முன் ஊர் வந்துவிடலாம். இறங்க வேண்டிய இடம் எது, அங்கிருந்து அறைக்கு எவ்வளவு தூரம் என்பதைக் கண்டக்டரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

2024-ம் ஆண்டு மே மாதம், சென்னை கடற்கரையில் இருந்து திருவண்ணாமலைக்கு ரெயில் விட்டார்கள். ஏழைகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் மாலையில் புறப்படும்படி விடப்பட்ட அந்த ரெயில், ஊர் வந்து சேர நள்ளிரவு ஆகிவிட்டது. இப்படி இரவு ரெயிலில் வருகிற பெண்கள், அறையை முன்பே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். தெரிந்தவர் யாராவது நிலையத்துக்கு வந்தால் மிக நல்லது. ஏற்பாடு எதுவும் இல்லை என்றால், விடியும் வரை விளக்கு எரிகிற இடத்தில், நாலு குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும் பக்கத்தில் இருப்பதே மேல்.

ரெயிலில் பெண்கள் பெட்டி என்றாலே பத்திரம் என்று நினைக்கக்கூடாது. 2025-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், காட்பாடிக்கு அருகே ஒரு கர்ப்பிணிப் பெண்ணை, ஓடும் ரெயிலில் இருந்து ஒருவன் தள்ளிவிட்டான். அவர் இருந்தது பெண்கள் பெட்டிதான். மற்றப் பெண்கள் இறங்கிப்போன பிறகு அவன் ஏறினான். அந்தத் தாய் உயிர் பிழைத்தார். வயிற்றில் இருந்த குழந்தை பிழைக்கவில்லை. அதே ஆண்டு ஜூலை மாதம் கோர்ட்டு அவனுக்குச் சாகும் வரை சிறை என்று தீர்ப்புக் கூறியது.

பெட்டி காலியாகிறது என்று தெரிந்தால், அடுத்த நிலையத்திலேயே ஜனங்கள் இருக்கும் பெட்டிக்கு மாறிவிட வேண்டும். ஆண் யாராவது பெண்கள் பெட்டியில் ஏறினால் 139 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அது ரெயில்வே உதவி எண்.

டிக்கெட் தொலைந்துபோனாலும் கலங்க வேண்டாம். தனியாக வரும் பெண்ணை நடு வழியில், இரவு நேரத்தில், ஏதோ ஒரு நிலையத்தில் இறக்கிவிட ரெயில்வே சட்டம் இடம் கொடுக்கவில்லை. இறக்குவது என்றால் சந்திப்பு நிலையம், கடைசி நிலையம் அல்லது மாவட்டத் தலைநகர் நிலையத்தில், அதுவும் பகலில் மட்டுமே இறக்கலாம்.

தங்கும் இடம்

ஆசிரமங்களில் போய் நின்றவுடன் இடம் கிடைத்துவிடாது. ரமணாசிரமத்தில் தங்க விரும்புகிறவர்கள் முன்கூட்டியே எழுதி அனுமதி பெற வேண்டும். பவுர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் லாட்ஜுகள் நிரம்பி வழியும். அறை இல்லாமல் அலைகிற பெண்ணைத்தான் "நல்ல இடம் காட்டுகிறேன், வா அம்மா" என்று தரகன் அழைப்பான்.

அறைக்குள் போனதும் மூன்று காரியம் செய்ய வேண்டும். கதவின் உள் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும். ஜன்னலைப் பார்க்க வேண்டும். குளியல் அறையைப் பார்க்க வேண்டும். தாழ்ப்பாள் சரி இல்லை என்றால் வேறு அறை கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கம் என்ன? கொடுப்பது நம் பணம்!

அறை எண்ணை யாரிடமும் சொல்லக்கூடாது. "தனியாகவா வந்தாய்?" என்று முன்பின் தெரியாதவர் கேட்டால், "அண்ணன் பின்னால் வருகிறார்" என்று சொல்வதில் பாவம் இல்லை. பழக்கம் இல்லாதவர் கொடுக்கும் டீ, குளிர்பானம், தின்பண்டம் எதையும் வாங்கிச் சாப்பிடக்கூடாது. பிரசாதம் கோவிலில் கிடைக்கும். அறைக் கதவைத் தட்டிக்கொண்டு வராது.

காவி கட்டியவர் எல்லாம் சாமியார் என்று நம்பிவிடக்கூடாது. உண்மைத் துறவிக்குப் பெண்ணின் துணையும் தேவை இல்லை. பணமும் தேவை இல்லை. "தனியாக வா, பரிகாரம் செய்கிறேன்" என்பவனை அந்த இடத்திலேயே விட்டு நகர்ந்துவிட வேண்டும்.

மலை சுற்றும்போது

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நடக்க நாலு முதல் ஐந்து மணி நேரம் ஆகும். கிழக்கே இந்திர லிங்கம் தொடங்கி வடகிழக்கே ஈசானிய லிங்கம் வரை, எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள் உண்டு. வழி தெரியாதவருக்கு இந்த எட்டும் அடையாளக் கற்கள். "அக்கினி லிங்கம் தாண்டிவிட்டேன், வாயு லிங்கத்தில் இருக்கிறேன்" என்று வீட்டுக்குப் போனில் சொல்லிக்கொண்டே நடக்கலாம்.

பவுர்ணமி இரவில் பாதை முழுவதும் ஜனங்கள் இருப்பார்கள். அன்று நகையை வீட்டில் வைத்துவிட்டு வருவதே புத்திசாலித்தனம். பணத்தை ஒரே பையில் வைக்கக்கூடாது. வீட்டு விலாசம், இரண்டு போன் எண்கள் எழுதிய சீட்டு ஒன்று மடியில் இருக்கட்டும். போன் தொலைந்தால் அந்தச் சீட்டு உதவும். பொருள் வாங்குவது போல நெருக்கி வருகிறவனிடம், "தள்ளி நில்!" என்று உரக்கச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் குரல்தான் ஆயுதம்.

மற்ற நாட்களில் இருட்டும் முன் சுற்றி முடிப்பது நல்லது. வெறும் காலோடு நடப்பவர்கள் விடியற்காலையில் புறப்பட்டால், தார்ச்சாலை கொதிக்கும் முன் முடித்துவிடலாம். நன்றாக விடிந்த பிறகு புறப்பட வேண்டும். முன்னே நடக்கும் குடும்பத்தோடு சேர்ந்து நடக்கலாம். "அம்மா, உங்களோடு நானும் வரட்டுமா?" என்று கேட்டால் எந்தத் தமிழ்த்தாயும் மாட்டேன் என்று சொல்லமாட்டாள்.

பாதையை விட்டு மரங்களுக்கு உள்ளே போகக்கூடாது. குறுக்கு வழி காட்டுகிறேன் என்றால் நம்பக்கூடாது. கால் வலித்து ஆட்டோவில் ஏறினால், கூலியை முதலிலேயே பேசி முடித்து, வண்டி எண்ணை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அதை டிரைவர் காதில் விழும்படி செய்தால் இன்னும் நல்லது.

மலை மேல் ஏறலாமா?

மலையின் உயரம் 2,668 அடி. அது வனத்துறையின் பொறுப்பில் உள்ள காடு. அனுமதி இல்லாமல் ஏறுவது சட்டப்படி தவறு. தனியாகவோ, தெரியாத வழிகாட்டியோடோ ஏறுவது உயிருக்கும் மானத்துக்கும் ஆபத்து.

மனிதரால் மட்டும் அல்ல, இயற்கையாலும் ஆபத்து உண்டு. 2024-ம் ஆண்டு டிசம்பர் 1-ந்தேதி, பெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு இடிந்து வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் விழுந்தது. குழந்தைகள் உள்பட 7 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு தீபத்தின்போது பக்தர்களை மலை ஏற அனுமதிக்கவில்லை.

தியானம் செய்ய விரும்பும் பெண்ணுக்கு ஆசிரம மண்டபங்கள் இருக்கின்றன. அண்ணாமலையார் அடிவாரத்தில் நிற்பவருக்கும் அருள் செய்வார்.

போலீஸ்காரர் நிறுத்தினால்?

"காவலரே கெடுத்தால் யாரிடம் போவது?" என்று 2025-ல் ஊரே கேட்டது. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டம் ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சாலையில் போலீசார் வண்டியை நிறுத்திச் சோதிக்கலாம். கேள்வி கேட்கலாம். நின்ற இடத்திலேயே, கூட வந்தவர்கள் முன்னிலையிலேயே பதில் சொல்லலாம். விசாரணைக்கு என்று பெண்ணைத் தனியே அழைத்துப்போக அவர்களுக்கு உரிமை கிடையாது. சாட்சியாக விசாரிப்பதானாலும் பெண்ணை அவள் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும்.

சூரியன் மறைந்த பிறகு, உதிக்கும் முன், பெண்ணைக் கைது செய்யக்கூடாது. தவிர்க்க முடியாத நிலை என்றால், மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி பெற்று, பெண் போலீஸ் அதிகாரிதான் அதைச் செய்ய வேண்டும். 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்தப் பாதுகாப்பு அப்படியே இருக்கிறது.

ஆகவே, "தனியே வா" என்று யார் அழைத்தாலும், உடம்பில் காக்கிச் சட்டையே இருந்தாலும், "பெண் போலீசை வரச் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். உடனே 112-க்குப் போன் செய்ய வேண்டும். அது நாடு முழுவதற்கும் உள்ள அவசர எண். பெண்களுக்கான உதவி எண் 181. ஆம்புலன்சுக்கு 108. தமிழ்நாடு போலீசார் 2022-ல் கொண்டுவந்த "காவல் உதவி" என்ற செயலியைச் செல்போனில் ஏற்றி வைத்துக்கொள்ளலாம்.

தீங்கு நேர்ந்துவிட்டால்

எத்தனை ஜாக்கிரதையாக இருந்தும் தீங்கு நேரலாம். அப்போது பெண் செய்ய வேண்டியது என்ன?

குளிக்கக்கூடாது, உடைகளைத் துவைக்கக்கூடாது. அவை சாட்சியம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரசு ஆஸ்பத்திரியோ, தனியார் ஆஸ்பத்திரியோ, இலவசமாகச் சிகிச்சை தந்தே ஆக வேண்டும் என்பது சட்டம்.

எந்த ஊரில் நடந்திருந்தாலும், எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக்கூடாது. வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் எழுத வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை வெளியிடுவது குற்றம்.

1992-ல் தமிழ்நாட்டில் மகளிர் போலீஸ் நிலையங்கள் தொடங்கப்பட்டன. திருவண்ணாமலையிலும் மகளிர் போலீஸ் நிலையம் இருக்கிறது. அங்கே போவது அவமானம் அல்ல.

"வெளியே தெரிந்தால் மானம் போய்விடும்" என்று வீட்டார் வாயை மூடச் சொல்வது உண்டு. மானம் போக வேண்டியது யாருக்கு? குற்றம் செய்தவனுக்கு! திருட்டுக் கொடுத்தவனை யாரும் திருடன் என்று சொல்வது இல்லை. கெடுக்கப்பட்டவளை மட்டும் கெட்டவள் என்பது எந்த ஊர் நியாயம்?

அந்த ரஷியப் பெண்ணின் வழக்கும், பிரெஞ்சுப் பெண்ணின் வழக்கும், வெளிமாநிலப் பெண்ணின் வழக்கும் வெளியே வந்ததால்தான் கைதுகள் நடந்தன. மூடி மறைத்திருந்தால், அதே கைகள் அடுத்த பெண்ணைத் தேடிப் போயிருக்கும்.

ஊரின் கடமை

இத்தனை யோசனையும் பெண்ணுக்கே சொன்னால் போதுமா? போதாது. பூட்டு வாங்கச் சொல்வது ஒரு பக்கம். திருடனைப் பிடிப்பது இன்னொரு பக்கம். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று இருக்க முடியாது.

லாட்ஜ் நடத்துகிறவர்கள், தாழ்ப்பாள் இல்லாத அறையைப் பெண்ணுக்குக் கொடுக்கக்கூடாது. யார் வந்து கேட்டாலும் அவள் அறை எண்ணைச் சொல்லக்கூடாது. ஆட்டோ டிரைவர்கள், இரவில் இறங்கும் பெண்ணைத் தங்கையாக நினைத்து, கதவு வரை கொண்டுபோய் விட வேண்டும். அவர்களில் அப்படி நடப்பவர்கள் பலர் உண்டு. அப்படி நடக்காத ஒருவனை அவர்களே கண்டிக்க வேண்டும்.

பாதையில் விளக்கு வேண்டும். பெண்களுக்குத் தாழ்ப்பாளோடு கூடிய சுத்தமான கழிப்பிடம் வேண்டும். அது இல்லாததால்தான் பெண்கள் இருட்டில் ஒதுங்குகிறார்கள். ஆபத்தும் அங்கேதான் காத்திருக்கிறது. இரவு ரோந்தில் பெண் போலீசாரும் இருக்க வேண்டும். பவுர்ணமிக்குச் செய்கிற ஏற்பாட்டில் ஒரு பங்காவது மற்ற நாட்களிலும் இருக்க வேண்டும். பெண்கள் பவுர்ணமிக்கு மட்டும் வருவது இல்லை.

வீட்டாருக்கும் கடமை உண்டு. "போகாதே" என்று தடுத்தால், சொல்லாமல் போகிறவர்கள் உண்டு. சொல்லாமல் போன பெண், தொல்லை வந்தாலும் சொல்லமாட்டாள். "போய் வா, போன இடத்தில் இருந்து பேசு, என்ன நடந்தாலும் எங்களிடம் சொல்" என்று அனுப்பினால், ஆயிரம் மைலுக்கு அப்பாலும் அவளுக்கு வீடு துணையாக இருக்கும்.

திருவண்ணாமலையில் ஆண்டவன் தன் உடம்பில் பாதியைப் பெண்ணுக்குக் கொடுத்தான் என்பது ஐதீகம். கார்த்திகை தீபத்தன்று அர்த்தநாரீசுவரர் எழுந்தருளும்போது, லட்சக்கணக்கானவர்கள் கைகூப்பி வணங்குகிறார்கள்.

கடவுள் பாதி உடம்பைக் கொடுத்தார். மனிதன் பாதிச் சாலையையாவது கொடுக்க வேண்டாமா?